கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நெஃபர்டிட்டி

2015 ஜூலையில் எகிப்தின் மின்யா மாகாணத்தில் உள்ள சமாலூத் நகரின் நுழைவாயிலில் அரசி நெஃபர்டிட்டியின் சிலையொன்று எழுந்தது. பெர்லினில் இருக்கும் புகழ்பெற்ற மார்பளவுச் சிலையின் பெரிய பிரதியாக அதைச் செய்திருந்தார்கள். கிரீடம் இருந்தது, நீண்ட கழுத்து இருந்தது, முகம் மட்டும் அவளுடையதாக இல்லை. படங்கள் இணையத்தில் பரவியதும் எகிப்தியர்கள் கொதித்துப்போனார்கள். ஃபிராங்கன்ஸ்டைன் கதையில் வரும் பூதத்தோடு அதை ஒப்பிட்டார்கள். சில நாட்களிலேயே அதிகாரிகள் சிலையைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் சமாதானப் புறாவை வைக்கப்போவதாகச் சொன்னார்கள்.

பண்டைய சிலைகளின் பிரதிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் எடுத்துக்காட்டப்படுவது இந்தச் சமாலூத் கதைதான். கலை ரசனை உள்ளவர்கள் என்று பெயர் எடுத்தவர்களிடம் ஊறிப்போன ஒரு கருத்துக்கு அது வசதியான சாட்சி. மூலச் சிலை ஒன்றே ஒன்று, அதில் மட்டுமே கலை இருக்கிறது, பிரதிகள் அதைத் தேய்த்து மலினமாக்குகின்றன என்பது அந்தக் கருத்து. சாவிக்கொத்திலும் குளிர்சாதனப்பெட்டிக் காந்தத்திலும் அழகு நிலையப் பலகையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் நெஃபர்டிட்டி வெறும் வணிகக் குப்பை. அந்தக் குப்பையைப் பொறுக்கி எடுத்து, கண்ணாடி மாட்டிவிட்டு அல்லது வண்ணம் பூசிவிட்டுக் காட்சிக்கூடத்தில் நிறுத்தும் இக்காலக் கலைஞர்கள், சொந்தமாக எதையும் செதுக்கத் தெரியாதவர்கள். மூவாயிரத்து முந்நூறு ஆண்டுப் பழைய புகழை இரவல் வாங்கிப் பிழைப்பவர்கள். இப்படிச் சொல்கிறவர்கள் ஒரு சிலர் அல்லர். நாளிதழ் விமர்சனங்களிலும் அருங்காட்சியக உரைகளிலும் படித்தவர்களின் பேச்சிலும் இதுவே பொதுப்புத்தியாக நிலைத்திருக்கிறது.

இந்தக் கருத்து தவறு என்பதோடு நிற்கவில்லை, நியாயமற்றதும்கூட. அவர்களுடைய சாட்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

சமாலூத் சிலையைப் பார்த்துக் கொதித்தவர்களில் எத்தனை பேர் பெர்லினுக்குப் போய் மூலத்தைப் பார்த்திருப்பார்கள்? 1913இல் எகிப்தை விட்டுப் போன அந்தச் சிலை ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. விசாவும் விமானச் செலவும் எட்டாத கோடிக்கணக்கான எகிப்தியர்களுக்கு அந்த முகம் பிரதிகளின் வழியாக மட்டுமே தெரியும். ஐந்து பியாஸ்டர் நோட்டில் இருந்த சிறு படம், பாடப்புத்தகப் படம், கெய்ரோவின் கான் எல்-கலீலி கடைவீதியின் பாப்பிரஸ் ஓவியம், அலமாரியில் தூசி படிந்த பிளாஸ்டர் தலை. இவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்தது. அப்படியிருந்தும் பிழையான முகத்தைக் கண்ட கணத்தில் இது அவள் இல்லை என்று ஒரு நாடே சொன்னது. தாடையின் கோடு எங்கே திரும்ப வேண்டும், உதடு எவ்வளவு அழுந்தி மூட வேண்டும் என்பது வரை அவர்களுக்கு மனப்பாடமாக இருந்தது. அந்தப் பார்வையை வளர்த்தவை மலினம் என்று இகழப்படும் அதே பிரதிகள்தான். சமாலூத்தில் தோற்றது ஒரு பிரதி. அதைத் தோற்கடித்தவை நூறாண்டுகளாக வீடுகளில் புழங்கிவந்த மற்றப் பிரதிகள்.

இனி மூலம் என்று சொல்லப்படுவதைப் பார்ப்போம். 1912 டிசம்பர் 6 அன்று, நைல் நதியின் கிழக்குக் கரையில் உள்ள அமர்னாவில், லுட்விக் போர்ஹார்ட் தலைமையிலான ஜெர்மன் அகழாய்வுக் குழு அதைக் கண்டெடுத்தது. கிடைத்த இடம் கோயிலோ கல்லறையோ அல்ல, ஒரு சிற்பக்கூடம். துட்மோஸ் என்ற தலைமைச் சிற்பியின் வீடும் பட்டறையும் அது. முற்றத்தில் கிடந்த தந்தத்தாலான குதிரைக் கண்மறைப்பொன்றில் அவன் பெயரும் பதவியும் பொறிக்கப்பட்டிருந்ததால்தான் பட்டறை அவனுடையது என்று அறிய முடிந்தது. அங்கே அந்த மார்பளவுச் சிலை தனியாக இருக்கவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட பிளாஸ்டர் தலைகளும் முகங்களும் உடன் கிடைத்தன. கிழவர்கள், பெண்கள், அரச குடும்பத்தினர் என்று பலருடைய முகங்கள் அச்செடுத்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு முகத்தை ஒருமுறை சரியாகப் பிடித்துவிட்டால், அதை வைத்துக்கொண்டு மற்றச் சிற்பிகள் கோயிலுக்கும் அரண்மனைக்கும் கல்லறைக்கும் வேண்டிய சிலைகளைச் செதுக்கலாம். அந்தக் கூடத்தின் வேலை முறை அதுதான்.

நெஃபர்டிட்டியின் மார்பளவுச் சிலையும் அத்தகைய மாதிரி உருவே என்று எகிப்தியவியல் அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். இடது கண்ணில் பதிகல் இல்லை. வலது கண்ணில் படிகமும் அதன் பின்னே கறுப்பு நிறமும் இருக்க, இடப்பக்கம் வெறும் சுண்ணாம்புக்கல்லாகவே விடப்பட்டிருக்கிறது. பதிகல் எப்போதாவது ஒட்டப்பட்டிருந்ததற்கான தடயமும் குழியில் தெரியவில்லை. வழிபாட்டுக்கோ காட்சிக்கோ செய்த முடிந்த சிலையானால் அரசியை ஒற்றைக் கண்ணோடு விட்டுவைத்திருக்க மாட்டார்கள். மற்றவர்கள் பார்த்துச் செய்யும்படி பட்டறையில் வைத்திருந்த உரு என்றால் அந்தக் குறை விளங்கிவிடுகிறது. அவளுடைய கணவனான அரசன் அக்கெனாடன் இறந்த பிறகு தலைநகரமான அமர்னா கைவிடப்பட்டது, சிற்பிகள் வெளியேறினார்கள், மாதிரியை யாரும் எடுத்துப் போகவில்லை. இன்று தனக்கென்று ஓர் அரங்கு கொண்டு, ஒளியமைப்பும் காவலர்களும் சூழ நிற்கும் உலகின் ஒரே மூலம், பிரதிகள் பிறப்பதற்காகவே செய்யப்பட்டது. அதன் பிரதிகளை இழிவென்று சொல்வது துட்மோஸின் தொழிலையே இழிவென்று சொல்வதாகும்.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சிலையில் எழுத்து ஏதும் இல்லை, பெயர் பொறிக்கப்படவில்லை. தட்டையான உச்சி கொண்ட அந்த உயரமான நீலக் கிரீடத்தோடும் நெஃபர்டிட்டி என்ற பெயரோடும் வேறு பல புடைப்புச் சிற்பங்கள் கிடைத்திருப்பதால், அவற்றோடு ஒப்பிட்டே இது அவள் என்கிறோம். திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்ட உருவங்கள் இல்லாதிருந்தால் பெர்லினில் இருப்பது பெயரற்ற ஒரு பெண்ணின் தலையாகவே இருந்திருக்கும். 2006இல் சிலையை சி.டி. ஸ்கேன் செய்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மேலே இருக்கும் ஜிப்சம் பூச்சுக்கு உள்ளே, சுண்ணாம்புக்கல்லில் வேறொரு முகம் தெரிந்தது. வாயோரத்தில் கோடுகள், மூக்கில் சிறு மேடு. வெளிப்பூச்சில் சிற்பி அவற்றைச் சமன்செய்திருக்கிறான். எது மூலம்? கல்லில் இருக்கும் முகமா, அதன்மேல் திருத்தி எழுப்பிய முகமா? ஒரே ஒரு மூலம் என்ற நம்பிக்கைக்கு அந்தச் சிலைக்குள்ளேயே இடமில்லை.

பிரதிகளை மறுப்பவர்கள் துணைக்கு அழைக்கும் பெயர் வால்டர் பெஞ்சமின். இயந்திரங்களால் படியெடுக்கப்படும் காலத்தில் கலைப்பொருளின் ஒளிவட்டம் மங்குகிறது என்று 1930களின் நடுவில் எழுதிய பெர்லின்காரர். அவர் சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிடுகிறார்கள். அந்த மங்கலை அவர் வெறும் இழப்பாக எண்ணி அழவில்லை. சடங்கின் பிடியிலிருந்து கலை விடுபட்டு மக்களின் கைக்கு வருவதற்கான வாய்ப்பை அதில் கண்டார். நாஜிகளிடமிருந்து தப்பிப் பாரிஸில் அகதியாக இருந்தபோது எழுதியது அது. ஒளிவட்டத்தை அரசியல் வேடமாக்கிக்கொண்ட ஒரு கூட்டம் தன் நாட்டை ஆள்வதைப் பார்த்துக்கொண்டே எழுதினார். அவருடைய பெயரைச் சொல்லிக் கண்ணாடிப் பெட்டிக்குக் காவல் நிற்பது அவருக்குச் செய்யும் அநீதி.

நெஃபர்டிட்டியின் ஒளிவட்டத்தை எடுத்துக்கொண்டால், அதை உண்டாக்கியவையே பிரதிகள்தாம். அகழாய்வுக்குப் பணம் கொடுத்த ஜேம்ஸ் சைமன் என்ற பெர்லின் யூத வணிகரிடம் சிலை 1913இல் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டில் டினா ஹைம் என்ற இளம் சிற்பி அதற்கு இரண்டு பிரதிகள் செய்தார். ஒன்று பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்கு, மற்றொன்று சைமனுக்கு. 1920இல் சைமன் சிலையை அருங்காட்சியகத்துக்குக் கொடையளித்தார். 1924இல்தான் பொதுமக்கள் அதைப் பார்க்க முடிந்தது. அதன் பிறகு ஒளிப்படங்களும் பிளாஸ்டர் வார்ப்புகளும் சேர்ந்து சில ஆண்டுகளுக்குள் அவளை உலகறிந்த முகமாக்கின. முதல் பிரதிகளைச் செய்த டினாவை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? கான்ஸ்டான்டினோபிளில் பிறந்து, பெர்லினில் வளர்ந்து, கணவரோடு ஆசியா முழுக்கச் சுற்றி, போர்க்காலத்தில் எதிரிநாட்டவர் என்று ஆஸ்திரேலியாவில் முகாமில் அடைக்கப்பட்டு, பிறகு மெல்போர்னிலேயே வாழ்ந்து 1974இல் மறைந்தவர். துட்மோஸுக்குப் பிறகு அந்த முகத்தை அங்குலம் அங்குலமாகக் கைகளால் கற்றுக்கொண்ட முதல் ஆட்களில் ஒருவர். பிரதி என்றாலே உழைப்பற்றது என்று நினைப்பவர்கள் அவருடைய வேலையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிரதியை இழிவாகப் பார்ப்பது என்றும் இருந்துவரும் மனப்பான்மையும் அல்ல. பெர்லின் அருங்காட்சியகங்களுக்கென்று வார்ப்புப் பட்டறையொன்று 1819இல் தொடங்கப்பட்டு இன்றும் நடக்கிறது. லண்டனில் 1873இல் வார்ப்புகளுக்கென்றே பெரும் மண்டபங்கள் திறக்கப்பட்டன. ரோமில் இருக்கும் தூணையும் ஸ்பெயினில் இருக்கும் தேவாலய வாயிலையும் ஊர் விட்டு ஊர் போக முடியாதவர்கள் அங்கே பார்த்தார்கள். கிரேக்க வெண்கலச் சிலைகளில் பெரும்பாலானவை உருக்கப்பட்டு அழிந்துவிட்டன. வட்டு எறிபவனை நாம் அறிவது ரோமானியர்கள் செய்த பளிங்குப் பிரதிகளால்தான். இருபதாம் நூற்றாண்டில்தான் பல அருங்காட்சியகங்கள் வார்ப்புகளைக் கிடங்குக்கு அனுப்பின, சில உடைத்தே போட்டன. கலைச் சந்தையில் மூலத்தின் விலை ஏற ஏறப் பிரதியின் மதிப்பு இறங்கியது. நாம் ரசனை என்று எண்ணிக்கொண்டிருப்பதில் விலைப்பட்டியலின் பங்கு கொஞ்சமல்ல.

இவ்வளவும் வரலாறு. இனி, மலினம் என்று ஒதுக்கப்படும் இக்காலக் கலைப் படைப்புகளை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இவற்றை இகழ்பவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அமெரிக்கக் கலைஞர் ஃப்ரெட் வில்சன் 1993இல் செய்த ஒரு படைப்பு நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுவரில் வரிசையாகப் பொருத்திய பலகைகளில் ஐந்து நெஃபர்டிட்டி தலைகள். ஐந்தும் ஒரே வடிவப் பிளாஸ்டர் பிரதிகள். முதல் தலையின் நிறம் வெளிறிய ஓட்ஸ் கஞ்சியின் நிறம், அடுத்தடுத்துப் பழுப்பு ஏறி ஏறி ஐந்தாவது தலை அடர்ந்த சாக்லேட் நிறத்தில் முடிகிறது. வேறு மாற்றமே இல்லை. அதன் முன்னால் நிற்கும்போது கண் தன்னையறியாமல் ஒரு தலையில் போய் நிற்கும், இதுதான் அவளுடைய நிறமாக இருக்கும் என்று. உடனே ஏன் அந்தத் தலை என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வி அரசியைப் பற்றியது அல்ல, பார்ப்பவரைப் பற்றியது.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுச் சண்டை இருக்கிறது. எகிப்தின் நாகரிகத்தை ஐரோப்பாவின் முன்வரலாறாக்கி வெள்ளை பூசிக் காட்டியது ஒரு மரபு. 1963இல் எலிசபெத் டெய்லர் கிளியோபாட்ராவாக வந்தபோது அந்த மரபு உச்சத்தில் இருந்தது. அதற்கு எதிராக, அடிமைமுறையால் முன்னோர் வரலாறு பறிக்கப்பட்ட அமெரிக்கக் கறுப்பின மக்கள் எகிப்தின் அரசர்களைத் தங்கள் முன்னோர்களாக உரிமை கோரினார்கள். அவர்களுடைய பெண்களின் கழுத்தில் நெஃபர்டிட்டியின் பக்கவாட்டு முகம் தங்கப் பதக்கமாகத் தொங்கியது. நகைக்கடைக்காரருக்கு அது ஒரு டிசைன். அணிந்தவளுக்கு, உன்னைப் பெற்றவர்கள் அடிமைகள் மட்டுமல்லர் என்று சொல்லும் சான்றிதழ். வில்சன் அந்தப் பதக்கத்தையும் அருங்காட்சியகத்தையும் ஒரே சுவரில் நிறுத்திவிட்டார். ஒற்றை மூலத்தால் இதைச் செய்ய முடியாது. அதற்கு ஒரு நிறம்தான் உண்டு, அது சிற்பி பூசிய நிறம். ஒன்று பலவானால்தான் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். இதைவிடத் துல்லியமாக இந்தச் சண்டையைச் சொன்ன கட்டுரையை நான் படித்ததில்லை.

அமெரிக்கக் கலைஞர் லொரெய்ன் ஓகிரேடி வேறொரு வழியில் வந்தார். அவருடைய அக்கா டெவோனியா இவாஞ்சலின் 1962இல் இறந்துபோனார். பேசித் தீர்க்காத பல விஷயங்கள் இருவருக்கும் இடையில் மிச்சமிருந்தன. அக்காவின் முகத்துக்கும் நெஃபர்டிட்டியின் முகத்துக்கும் இருந்த ஒற்றுமையை எடுத்துக்கொண்டு 1980இல் ஒரு நிகழ்த்துகலையும், 1994இல் பதினாறு இணைப்படங்கள் கொண்ட வரிசையொன்றையும் உருவாக்கினார். ஒரு பக்கம் குடும்ப ஆல்பத்திலிருந்து அக்கா, மறுபக்கம் புத்தகத்திலிருந்து அரசி. அக்காவின் திருமணம், அக்காவின் குழந்தைகள், அதன் அருகிலேயே அரச குடும்பம். இதை ஒரு பண்டைய அரசியின் புகழை இரவல் வாங்குவது என்று எவராவது சொன்னால் அவர் அந்தப் படங்களைப் பார்க்கவில்லை. இறந்த அக்காவுக்கு, தங்கைக்குக் கையில் கிடைத்த மிகப் பெரிய உருவத்தின் அருகில் இடம் கொடுத்தார். பெர்லினில் ஒரே இடத்தில் நிற்கும் சிலையால் ஒரு குடும்ப ஆல்பத்துக்குள் நுழைந்திருக்க முடியாது. அச்சுப்படத்தால் முடிந்தது.

கறுப்புக் கண்ணாடி மாட்டிய தலைகள்தான் அதிகக் கண்டனத்துக்கு ஆளானவை. ஈசா கென்ஸ்கன் 2014இல் செய்தது. வரிசையாகப் பீடங்கள், அவற்றின்மேல் நெஃபர்டிட்டியின் பிரதிகள், ஒவ்வொருத்திக்கும் ஒரு கண்ணாடி. ஐந்து நிமிட வேலை, குழந்தைகூடச் செய்யும் என்பதுதான் பொதுவான எதிர்வினை. கென்ஸ்கன் பெர்லினில் வாழ்கிறவர். அந்த நகரத்தில் அவள் சுவரொட்டியிலும் சட்டையிலும் இருக்கிறாள். 1999 தேர்தலில் பசுமைக் கட்சி பெர்லினின் வலிமையான பெண்களுக்கு அடையாளமாக அவளைச் சுவரொட்டியில் போட்டது. தாடைக்கும் கழுத்துக்கும் போடும் ஓர் ஒப்பனை ஊசிச் சிகிச்சைக்குக்கூட அவள் பெயர்தான். அழகின் அளவுகோல் என்ற சுமையை அந்த நகரம் நூறாண்டுகளாக அவள்மேல் ஏற்றி வைத்திருக்கிறது. கென்ஸ்கன் கண்ணாடியை மாட்டியதும் முதலில் மறைவது அந்தப் பார்வையற்ற இடது கண். எல்லா வழிகாட்டி நூல்களும் சுட்டிக்காட்டும் குறை காணாமல் போய்விடுகிறது. அடுத்து, நம்மைப் பார்க்கிறாளா இல்லையா என்று தெரியாத நிலை வருகிறது. இத்தனை காலம் வெறுமனே பார்க்கப்பட்டவள் இப்போது நம் பார்வையிலிருந்து ஒதுங்கிக்கொள்கிறாள். கையால் செய்த வேலை ஐந்து நிமிடமாக இருக்கலாம். எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கும் வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. கலையில் உழைப்பைக் கடிகாரத்தை வைத்து அளப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

இத்தகைய படைப்புகள் எகிப்துக்கு அவமதிப்பு என்ற வாதம் இதுவரை பார்த்த எதிர்ப்புகளைவிடக் கனமானது. அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. 2003இல் வெனிஸ் பியனாலேவுக்காக லிட்டில் வார்சா என்ற ஹங்கேரியக் கலைஞர் இருவர் அவளுக்கு வெண்கலத்தில் ஓர் உடலைச் செய்தார்கள். பெர்லின் அருங்காட்சியகத்தின் அனுமதியோடு மூலத் தலையையே சற்று நேரம் அந்த உடல்மேல் வைத்துப் படமெடுத்தார்கள். எகிப்து கொந்தளித்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. பயணம் செய்யத் தாங்காத அளவுக்கு நொய்மையானது, எகிப்துக்குக் கடனாகக்கூட அனுப்ப முடியாது என்று பிற்பாடு சொன்ன அதே பெர்லின், கலைஞர்களின் சோதனைக்காக அதைத் தூக்கி வேறோர் உடல்மேல் வைக்க அனுமதித்திருந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இங்கே தவறு நடந்தது மூலத்தைக் கையாண்டதில். ஒரு பிரதியை வைத்துச் செய்திருந்தால் அந்த வெண்கல உடல் சொல்ல வந்தது சிறிதும் குறைந்திருக்காது.

2023இல் நெதர்லாந்தின் லெய்டன் அருங்காட்சியகம் ஜாஸ், ஹிப்ஹாப் இசைக் கலைஞர்கள் எகிப்தின் உருவங்களை எப்படி எடுத்தாண்டார்கள் என்று ஒரு கண்காட்சி வைத்தது. எகிப்தின் தொல்பொருள் துறை, பல பத்தாண்டுகளாக சக்காராவில் அகழாய்வு செய்துவந்த அந்த அருங்காட்சியகத்துக்குத் தடை விதித்தது. தங்கள் முன்னோர்களைத் தங்களிடமிருந்து இன்னொருவர் பறிக்கிறார் என்ற அச்சம் எகிப்தியருக்கு இருப்பதை நான் மதிக்கிறேன். இருநூறு ஆண்டுகள் கொள்ளை போன நாட்டுக்கு அந்த அச்சம் வரத்தான் செய்யும். ஆனால் ஒரு கறுப்பின இசைக்கலைஞர் தன் ஆல்பத்தின் அட்டையில் போட்ட படம் எகிப்திலிருந்து ஒரு கல்லையும் எடுத்துச் செல்லவில்லை. எடுத்துச் சென்றவர்கள் வேறு. கோபம் போக வேண்டிய முகவரி அது.

அவமதிப்பு என்பவர்களுக்கு எகிப்திலிருந்தே ஒரு பதில் உண்டு. 2012இல், புரட்சியின் குருதி காயாத கெய்ரோவின் முகமது மஹ்மூத் தெருவில், எல் செஃப்ட் என்ற பெயரில் இயங்கிய தெரு ஓவியர் ஓர் உருவத்தைச் சுவரில் அச்சிட்டார். நெஃபர்டிட்டியின் நீலக் கிரீடம், அதன் கீழே கண்ணீர்ப்புகைக் குண்டுக்கு அணியும் முகமூடி. போராட்டக் களத்தில் நின்ற பெண்களுக்கு அவர் செலுத்திய மரியாதை அது. பாலியல் வன்முறைக்கு எதிரான போராட்டங்களில் பெண்கள் அந்தப் படத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். முகம் முழுவதும் மறைந்திருந்தும் கிரீடத்தின் கோட்டை வைத்தே அது யார் என்று தெருவில் போகிற எவருக்கும் தெரிந்தது. இப்படி அடையாளம் தெரிவதற்கு நூறாண்டுப் பிரதிகள் வேண்டியிருந்தன. நாட்டின் மிகப் புனிதமான முகங்களில் ஒன்றை எடுத்து, தெருவில் அடிபட்ட பெண்ணின் முகமாக்கியது அவமதிப்பா? அந்தப் பெண்களிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும்.

பிரதியை வைத்துச் செய்த எல்லாமே நல்ல கலை என்று நான் சொல்லவில்லை. 2017இல் டேமியன் ஹர்ஸ்ட் வெனிஸில் வைத்த மாபெரும் கண்காட்சியில் நைஜீரியாவின் இஃபே தலைகளில் ஒன்றைப் போலவே செய்த தங்கத் தலை இருந்தது. அதே ஆண்டு வெனிஸ் பியனாலேயில் நைஜீரியாவின் முதல் அரங்கில் பங்கெடுத்த கலைஞர் விக்டர் எஹிகாமெனோர் அதைக் கண்டித்தார். பெரும் பணத்தோடு வரும் புகழ்பெற்ற ஐரோப்பியரின் பெயரோடு இந்தத் தலை ஒட்டிக்கொண்டுவிட்டால், நாளை நைஜீரியக் குழந்தை அதை அவருடைய கற்பனை என்று நினைக்கும் என்பது அவருடைய கவலை. அவர் சொன்னது சரி. ஹர்ஸ்டின் தலைக்கும் வில்சனின் தலைகளுக்கும் இடையில் உள்ள தொலைவைப் பார்த்தால் எதை வைத்து மதிப்பிட வேண்டும் என்பது புரியும். வில்சனுடைய பிளாஸ்டர், யாரோ சிலர் அந்த உருவத்தோடு வாழ்ந்த வாழ்க்கையைச் சுமந்து வருகிறது. ஹர்ஸ்டின் தங்கம் அந்த உருவத்தோடு வாழ்ந்தவர்களை அழித்துவிட்டு வருகிறது. விமர்சனம் இந்த இடத்தில் கூர்மையாக இருக்க வேண்டும். பிரதி என்ற ஒரே காரணத்துக்காக இரண்டையும் ஒரே குப்பைத்தொட்டியில் போடுகிறவர் விமர்சனம் செய்யவில்லை, வேலையைத் தட்டிக்கழிக்கிறார்.

இன்னொரு கேள்வி. பிரதிகள் உண்மையிலேயே மதிப்பற்றவை என்றால், மூலத்தை வைத்திருப்பவர்கள் அவற்றை ஏன் இவ்வளவு கட்டுக்காவலோடு வைத்திருக்கிறார்கள்? நெஃபர்டிட்டி இருக்கும் அறையில் பார்வையாளர்கள் படம் எடுக்கக் கூடாது. ஆனால் அருங்காட்சியகத்தின் வார்ப்புப் பட்டறை பல ஆயிரம் யூரோவுக்கு அவளுடைய பிரதியை விற்கிறது. 2015இல் நோரா அல்-பத்ரி, யான் நிகோலாய் நெல்லஸ் என்ற இரு கலைஞர்கள் தாங்கள் ரகசியமாக ஸ்கேன் செய்ததாகச் சொல்லி ஒரு முப்பரிமாணக் கோப்பை இணையத்தில் எவரும் எடுத்துக்கொள்ளும்படி விட்டார்கள். முப்பரிமாண அச்சு ஒன்றைக் கெய்ரோவிலும் காட்சிக்கு வைத்தார்கள். அவ்வளவு துல்லியமான கோப்பை, அவர்கள் சொன்ன எளிய கருவியால் எடுத்திருக்கவே முடியாது என்று தொழில்நுட்பம் அறிந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அந்த ஐயம் நியாயமானது. ஆனால் அந்தப் படைப்பு எழுப்பிய கேள்வியை அது சற்றும் தொடவில்லை. அருங்காட்சியகத்திடம் ஏற்கனவே தரமான ஸ்கேன் இருக்கும்போது அது ஏன் பூட்டிக் கிடக்கிறது?

காஸ்மோ வென்மன் என்ற அமெரிக்கர் அதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகக் கேட்டார். வணிக நலனுக்குப் பாதகம் என்று, அருங்காட்சியகத்தை நடத்தும் பிரஷ்யப் பண்பாட்டு மரபு அறக்கட்டளை மறுத்தது. ஒரு கட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள ஜெர்மன் தூதரக அலுவலகத்துக்கு வந்து திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்றது. ஆண்டுக்கணக்கில் நடந்த இழுபறிக்குப் பிறகு 2019இல் கோப்பைக் கொடுத்தது. கொடுக்கும்போது சிலையின் அடிப்பாகத்தில், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற உரிமக் குறிப்பை அந்த எண்ம உருவத்திலேயே பொறித்துக் கொடுத்தது. துட்மோஸ் தன் பெயரைக்கூட அதில் எழுதவில்லை. மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு அதைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம் தன் உரிமையை எழுதிக்கொண்டது. பிரதிக்கு மதிப்பில்லை என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு செயலுக்கு விளக்கம் சொல்லட்டும்.

அதே அருங்காட்சியகத்தில் நன்றி சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. மூலச் சிலையின் அருகில், பார்வையற்றவர்கள் தொட்டு அறிவதற்காக வெண்கலப் பிரதி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அந்தக் கன்னத்தின் சரிவையும் கழுத்தின் நீட்சியையும் விரல்களால் அறிய வாய்ப்புக் கொடுப்பது அந்தப் பிரதி மட்டுமே. மூலத்தின் முன்னால் பார்வையுள்ளவர்களுக்கு மட்டுமே இடம் உண்டு.

கடைசியாக, என் தரப்பை முழுவதும் கவிழ்த்துவிடக்கூடிய ஒரு வாதம். பிரதிகளில் இவ்வளவு உயிர் இருக்கிறது என்றால், எகிப்து ஏன் மூலத்தைத் திரும்பக் கேட்க வேண்டும், ஒரு நல்ல பிரதியை வைத்துக்கொண்டு அமைதியாக இருக்கலாமே என்று பெர்லின் சொல்லும். அந்த வாதத்தைத் திருப்பிப் போட்டால் போதும். பிரதி போதுமானது என்றால் அது பெர்லினுக்கும் போதுமானதுதான். 1819 முதல் வார்ப்பில் கைதேர்ந்த பட்டறை அவர்களிடமே இருக்கிறது, துல்லியமான ஸ்கேனும் இருக்கிறது. போதாது என்றால், அந்தப் போதாமையை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எகிப்தின் தலையில் கட்டியதற்கு நியாயமே இல்லை. 1913 ஜனவரியில் அமர்னாவில் பங்கு பிரித்தபோது எகிப்தின் சார்பில் அமர்ந்திருந்தவர் ஒரு பிரெஞ்சு அதிகாரி. நாட்டை ஆண்டுகொண்டிருந்தவர்கள் பிரிட்டிஷார். எகிப்தியர் எவருடைய சம்மதமும் அந்த மேசையில் கேட்கப்படவில்லை. பிரதிகளின் மதிப்பைப் பேசுவதால் அந்தக் கணக்கு தீர்ந்துவிடாது. பிரதிகள் இல்லாதிருந்தால் அப்படியொரு கணக்கு இருப்பதே எகிப்தின் சாதாரண மக்களுக்குத் தெரியாமல் போயிருக்கும். 2024இல் எகிப்தியத் தொல்லியலாளர் சாஹி ஹவாஸ் தொடங்கிய கோரிக்கை மனுவில் கையெழுத்திட்ட எகிப்தியர்களுக்கு, தாங்கள் எந்த முகத்தைத் திரும்பக் கேட்கிறோம் என்று காட்டிக்கொடுத்தவை கடைவீதியின் பாப்பிரஸும் பிளாஸ்டர் தலையும்தான்.